முனிச் சந்தியில் எடுத்த கால்

சென்ற மாதம் செண்டாயானிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. கூப்பிட்டது பிரவின். நான் ஓய்வு பெற்ற பிறகு மரியதாஸ் அண்ணனின் ரேலி காரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். நல்ல கைக்காரர். காரில் ஒரு கணினியைப் பொருத்தி, ஓட்டுகிறவர் எந்த இடத்தில் எண்ணெய் மிதியை எவ்வளவு மிதித்தார் என்று திரையில் கோடாகப் பார்த்துவிடுவார். எங்கள் காலத்தில் அதை ஓட்டியவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

"அங்கிள், ஒரு டவுட்டு. பெரியவரு தோட்டத்துல பயிற்சி ஓட்டம் ஓட்டுனாரு. எல்லா ஓட்டத்துலயும் ஒரே எடத்துல கால எடுக்குறாரு. நேர் ரோடு அங்கிள். வளைவு இல்ல, பள்ளம் இல்ல. கோடு சடார்னு விழுந்துட்டு மறுபடியும் ஏறுது. சென்சார் போச்சா?"

"கோடு விழுற நேரத்துல ஹாரன் சத்தம் கேக்குதா பாரு."

காருக்குள் வைத்த கேமராவின் பதிவை ஓட விட்டிருப்பார் போல.

"ஆமா அங்கிள், கேக்குது. கை தெரியாம பட்டுருச்சின்னு நெனச்சேன்."

"சென்சார் நல்லாத்தாம்பா இருக்கு. அது முனியாண்டி."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, எல்லாரும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார். "அறுவது தாண்டியாச்சி. கப்பு வாங்கியாச்சி. காசும் பெருசா இல்ல. அப்பறம் எதுக்குலா அங்கிள் இன்னும் ஓட்டுறாரு?"

இந்தக் கேள்விக்கு நான் பல வருடம் பதில் சொல்லியிருக்கிறேன். கோப்பிக் கடையில், கல்யாண வீட்டில், மருத்துவமனை நடைபாதையில்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் தவறென்று என் வேலையின் கடைசி நாளில்தான் தெரிந்தது. அதனால் இந்த முறை நிதானமாக எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பெயர் வீரையா. கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே, பகாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டருக்கு மசகு போட்டுத் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு பகாவ் பட்டணத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தவன். எங்கள் பக்கத்துப் பேச்சில் என்னைப் போன்றவனுக்குப் போமன் என்று பெயர். வாரநாளில் லாரியும் வேனும் பழுது பார்ப்பேன். ரேலி நடக்கும் வாரங்களில் மரியதாஸ் அண்ணனின் காருக்கு நான்தான் தலைமைப் போமன்.

ரேலி என்றால் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுவதில்லை. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் செம்மண் சாலைகளை மூடி, நாடா கட்டி, காவலுக்கு ஆள் நிறுத்தி, ஒவ்வொரு காராகத் தனித்தனியே நேரம் பார்த்து விடுவார்கள். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளைக் குறிப்பிலிருந்து படித்துக்கொண்டே வருவார். நாங்கள் ஒரு திடலில் காத்திருப்போம். கார் வந்ததும் கொடுத்த நேரத்துக்குள் பழுது பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் தண்டனை உண்டு.

மரியதாஸ் அண்ணன் எங்கள் தோட்டத்து லாரி டிரைவர். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவார். எந்நேரமும் போய்வந்த அதே சாலைகளில் வருடத்துக்கு ஒரு முறை போட்டி கார்கள் பறப்பதை லாரிக்குள்ளிருந்து பார்த்தவர். "இந்த ரோட்டுல இவனுங்க எதுக்கு இங்க பிரேக் அடிக்கிறானுங்க?" என்று அவர் கேட்டதாகவும், அதைக் கேட்ட ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் டவுக்கே, தன் பழைய காரைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னதாகவும் கதை. உண்மையா என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார். எப்படியோ, நான் அவரோடு சேர்ந்தபோது அவர் மற்ற மாநிலங்களில் ஜெயிக்கத் தொடங்கியிருந்தார்.

அவரைப் போல ஓர் ஓட்டுநரை நான் கண்டதில்லை. கார் உள்ளே வந்ததும் மற்ற ஓட்டுநர்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே கத்துவார்கள். பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டீயரிங் இழுக்கிறது, எவன் இந்த டயரைப் போட்டான் என்று. அண்ணன் ஒரு சொல் பேசமாட்டார். இறங்குவார், ஹெல்மெட்டைக் கழற்றி பம்பர் ஓரமாக வைப்பார், நனைத்த வெள்ளைத் துண்டால் முகத்தைத் துடைப்பார், பால் போடாத தேத்தண்ணியை ஒரு மிடறு குடிப்பார். அதுவரை நான் காருக்கு அடியில் இருப்பேன். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி ஒரே வார்த்தை கேட்பேன்.

"எங்க?"

அவர் ஓர் இடத்தைச் சொல்வார். "பாலம் தாண்டி ரெண்டாவது மேடு." இல்லையென்றால், "பழைய ஆபீசுக்குப் பக்கத்துல." அவ்வளவுதான். அந்த இடத்தில் காருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டு, மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அங்க காருக்கு என்னண்ணே ஆச்சி?" என்றேன். "காருக்கு ஒண்ணுமில்ல தம்பி. அங்க நான் தேவையில்லாம கால எடுத்துட்டேன்," என்றார்.

அதாவது, மிதித்துக்கொண்டே போயிருக்கலாம், பயத்தில் காலைத் தூக்கிவிட்டார். ஒவ்வொரு ஓட்டத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைத் தானே கண்டுபிடித்து, யாரும் கேட்காமலே ஒப்புக்கொள்ளும் ஓட்டுநரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து "எங்க?" என்று கேட்கும்போது எனக்குக் குரல் தானாகவே கொஞ்சம் இறங்கிவிடும்.

எங்கள் வேலை ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை அதில்தான் மாட்டிக்கொள்கிறது. கார் வந்ததும் நான்கு பக்கமும் தூக்கிக் கட்டை கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றுவோம். புறங்கையை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பேரிங் சாகப்போகிறது என்று பொருள். அடுத்து அச்சை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது, பிறகு இடமும் வலமும். சேற்றைச் சுரண்டி ரேடியேட்டரைத் துடைப்பது. நட்டுகளில் மஞ்சள் சாயத்தால் கோடு போட்டு வைத்திருப்போம். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. என் கூட்டாளி ஆ செங், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசும் சீனர், சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவார். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை உண்டு. மற்ற அணிகள் அதைச் செய்யமாட்டார்கள். ஹாரனை அடித்துப் பார்ப்போம்.

அது பழைய லாரியிலிருந்து கழற்றிய ஹாரன். சேறு உள்ளே போகாமலிருக்க மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, வாயைத் தரைப் பக்கம் திருப்பிப் பொருத்தியிருந்தேன். அதற்குக் காரணம் முனிச் சந்தி.

எங்கள் தோட்டத்துக்குள் இரண்டு சாலைகள் சேரும் இடத்தில் முனியாண்டி கோயில் இருந்தது. கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு கல், ஓர் அரிவாள், ஓர் உண்டியல். அதற்குப் பின்னாலிருந்துதான் லயத்துப் பிள்ளைகள், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதை சாலைக்கு ஏறும். எந்த லாரிக்காரராக இருந்தாலும் அங்கே காலை எடுத்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார். சாமிக்கு மரியாதை, பிள்ளைகளுக்கு எச்சரிக்கை. இரண்டும் ஒரே சத்தத்தில் முடிந்துவிடும். ஹாரன் பழுதாகிப்போனால் லாரியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அதை மீறிய டிரைவர் எங்கள் தோட்டத்தில் இல்லை.

மரியதாஸ் அண்ணன் போட்டியிலும் அதைச் செய்தார். நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த இடத்தில் இருப்பவன் நேரத்தில் நெருங்கிக்கொண்டிருப்பான், முனிச் சந்தி வந்ததும் காலை எடுப்பார், பாம் என்று ஒரு ஹாரன், பிறகுதான் மிதி. அவர் மனைவி ஸ்டெல்லா அண்ணியின் அண்ணன் மகள் ரீத்தாதான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு வாசிப்பவள். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. வளைவு, மேடு, பாலம் என்று எழுதிய வரிகளுக்கு நடுவே "முனி, கால எடு, ஹாரன்" என்று ஒரு வரி. அவள் அதையும் கத்தியே படிப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணன் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருக்கமாட்டார். நானோ முனியாண்டிக்குச் சேவல் அறுத்த வீட்டில் வளர்ந்தவன். அப்படிப்பட்ட நானே கெஞ்சியிருக்கிறேன்.

"அண்ணே, போட்டி அன்னிக்கு மட்டும் விட்டுடுங்கண்ணே. எங்க சாமிதான, நான் பேசிக்கிறேன்."

"சாமி ஒங்க சாமியாவே இருக்கட்டும்லா. ரோடு அவரு ரோடு," என்பார்.

அந்த ஒரு நொடியால் எங்கள் தோட்டத்து ரேலியில் மட்டும் அவர் பல வருடம் முதலாவதாக வரவே இல்லை. நான்காவதாக வந்த வருடங்களில் எனக்குக் கவலையில்லை. மயிரிழையில் இரண்டாவதாக வந்த வருடங்களில்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காது.

மறக்க முடியாதது அந்த மழை வருடம்.

காலை ஓட்டத்தில் அண்ணன்தான் முதலிடம். பிற்பகலில் அதே பாதையில் இன்னொரு ஓட்டம், அதோடு முடிவு. இடையில் கார் எங்களிடம் வந்தபோது முன்பக்க இடது சக்கரம் கோணலாகச் சாய்ந்திருந்தது. மண்ணில் புதைந்திருந்த ஒரு செம்பனை அடிக்கட்டையில் இடித்து, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை வளைந்துபோயிருந்தது. நடுவில் ஓர் ஓடையைக் கடந்ததில் கார் முழுவதும் சேற்றுக் குளியல்.

மாற்றுக் கை எங்களிடம் இருந்தது. நேரம்தான் இல்லை. கை சக்கரத்தோடு சேரும் மூட்டு சாதாரணமாகக் கழலாது. நான் ஒரு பக்கமும் ஆ செங் எதிர்ப் பக்கமுமாக இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால்தான் விடும். மழை முதுகில் கொட்டுகிறது. அடிக்கிறோம், விடவில்லை. மறுபடியும் அடிக்கிறோம். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவசரப்படுத்தாமல், எங்கள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போட்டியில் முதலாவதாக நிற்கும் ஓட்டுநர், போமனுக்குக் குடை பிடித்தார். மூட்டு கழன்றபோது ஆ செங் அழுதேவிட்டார். புதிய கையைப் பூட்டி, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி நேர் பார்த்து, நட்டுகளை முறுக்கி முடித்தபோது, நேரம் பார்க்கும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்.

கடைசி வேலை. ஹாரனை அழுத்தினேன். சத்தமில்லை. உள்ளே டிக் என்று மட்டும் கேட்டது. ஓடைச் சேறு டியூபையும் மீறி உள்ளே போய்விட்டது. கழற்றிக் கழுவ வேண்டுமென்றால் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும்.

"அண்ணே, ஹாரன் செத்துப்போச்சி. கழட்ட நேரமில்ல."

"சரி," என்றார். ஏறி உட்கார்ந்தார். போய்விட்டார்.

"இந்த வருசம் முனியாண்டிக்கு லீவு," என்றார் ஆ செங். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஹாரனே இல்லையென்றால் அவர் என்ன செய்ய முடியும்? நாங்கள் காவலர்களின் வாக்கி டாக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டோம். பாலம் தாண்டிவிட்டார். மேடு தாண்டிவிட்டார். எல்லாரையும்விட வேகம். பிறகு ஒரு குரல்:

"கார் நின்னுடுச்சி! முனிச் சந்தியில நின்னுடுச்சி!"

நாங்கள் போட்ட கை உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த மூச்சு விடுவதற்குள், "இல்ல, போயிடுச்சி," என்றது அதே குரல்.

அந்த வருடம் மூன்றாவது இடம். அண்ணன் வந்து இறங்கினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், துண்டை எடுத்தார். "எங்க?" என்று கேட்க எனக்குப் பொறுமையில்லை.

"ஏண்ணே நின்னீங்க?"

"ஹாரன் இல்லன்னா நிக்கணும்லா தம்பி. லாரி ஓட்டுறப்பவும் அப்படித்தான?"

"ரோட்ட மூடி நாடா கட்டியிருக்காங்க. காவலுக்கு ஆளு நிக்கிது. லயமே காலி, ஒரு புள்ள இல்ல. யாரு வரப்போறான்னு நின்னீங்க?"

"யாரும் வரலன்னு நின்னு பாத்தாத்தான தெரியும்."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சேற்றுத் துணியைத் தரையில் அடித்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மரியாதைக்கு எடுத்த காலு வேற, பயத்துக்கு எடுத்த காலு வேற தம்பி. முனிச் சந்திய நான் கணக்குலயே சேக்கறதில்ல. இன்னிக்கு குளத்து வளைவுல எடுத்துட்டேன். அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

குளத்து வளைவு என்பது சாலை சரிந்து இறங்கி, தண்ணீர்க் குளத்தை ஒட்டித் திரும்பும் இடம். செம்பனை மறைப்பதால் வளைவு எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. சாலை உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் காலை எடுக்காமலே திரும்பிவிடலாம் என்று அவருக்குத் தெரியும். குலை ஏற்றிய லாரியில் ஆயிரம் தடவை உணர்ந்தவர். "எனக்குத் தெரியிது. காலுக்குத் தெரிய மாட்டேங்குது," என்றார். முதலிடம் கையை விட்டுப் போன மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வளைவில் ஒரு கணம் பயந்ததை நினைத்து வருந்திக்கொண்டிருந்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மழையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீடு திரும்பும்போது நானாக ஒரு பதிலைக் கட்டிக்கொண்டேன். முனியாண்டி வாங்கிக்கொள்ளும் ஒரு நொடியை வேறெங்காவது சம்பாதிக்க வேண்டும், அதற்காகத்தான் மற்ற இடங்களில் இப்படிக் காலோடு போராடுகிறார். சொந்தத் தோட்டத்தில் ஜெயிக்கும்வரை நிறுத்தமாட்டார், ஜெயித்துவிட்டால் நிறுத்திவிடுவார். கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஸ்டெல்லா அண்ணியும் அதை நம்பினார். ஒரு வருடம் வேறொரு மாநிலத்தில் கார் உருண்டு, அண்ணனின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அண்ணி என் முன்னாலேயே அவரிடம் வாக்கு வாங்கினார்.

"தம்பி சொல்லுது, நம்ம தோட்டத்துல ஒரு தடவ ஜெயிச்சா போதும்னு. அது நடந்தா நிறுத்திடுவீங்களா?"

அண்ணன் தோளில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நிறுத்திடுறேன்," என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் மீறமாட்டார். அன்றிலிருந்து அண்ணி ஒவ்வொரு வருடமும் அவர் ஜெயிக்க வேண்டுமென்று மெழுகுவத்தி ஏற்றினார். அவர் ஓட்டுவதை நிறுத்த வேண்டுமென்பதற்காக. நானும் அவர் நிறுத்தும் நாளில் நிறுத்துவதாக முடிவு செய்தேன். முதுகும் முட்டியும் ஏற்கெனவே என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

பிறகு தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறியது. லயங்களை இடித்தார்கள். முனியாண்டியை முறையாகப் பூசை செய்து எடுத்து, பகாவ் சாலையோரமாக ஓடு பதித்த கோயில் கட்டி வைத்தார்கள். முனிச் சந்தியில் ஒன்றுமில்லை. ஒரு சாலையை அடைத்துவிட்டார்கள், மற்றது நேர்ச் சாலையாகிவிட்டது. வெறும் செம்மண், நில அளவைக் குச்சிகள்.

அந்த வருட ரேலிக்கு ரீத்தா அந்த ஒரு வரியைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டாள். "மாமாகிட்ட சொல்லல அங்கிள். கோயிலே இல்ல, என்னத்த படிக்கிறது?" என்றாள். நானும் தலையாட்டினேன். இந்த வருடம் ஜெயித்துவிடுவார் என்று நம்பினேன். அண்ணியும் முதல் முறையாக எங்கள் திடலுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

காலை ஓட்டம் வேறு பாதையில். அதில் அண்ணனும் கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளம் ஓட்டுநரும் சம நேரம். முனிச் சந்தி வழியாகப் போகும் பிற்பகல் ஓட்டந்தான் முடிவு செய்யும். மரங்களை வெட்டிவிட்டதால் காரின் சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. அது ஒரே சீராக ஏறிக்கொண்டு வந்தது. நேர்ச் சாலைக்கு வந்துவிட்டார். அப்போது சத்தம் சட்டென்று இறங்கியது.

பாம்.

பிறகு மறுபடியும் ஏறியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணியின் விரல் மாலையில் நின்றுவிட்டது.

"தம்பி, அது இவருதான?"

"ஆமா அண்ணி."

"அங்கதான் ஒண்ணுமே இல்லியே!"

தோற்றுவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. ஆனால் நேரம் அறிவித்தபோது திடலே கத்தியது. முதலிடம். முனியாண்டிக்குக் கொடுத்ததையும் கொடுத்துவிட்டு ஜெயித்திருந்தார். ஆ செங் என்னைத் தூக்கிச் சுற்றினார். ரீத்தா இறங்கி ஓடிவந்து, அழுதுகொண்டே, "நான் படிக்கவே இல்ல அங்கிள். அவராவே எடுத்தாரு," என்றாள்.

அண்ணன் இறங்கினார். ஹெல்மெட், துண்டு, தேத்தண்ணி. சுற்றிலும் ஆட்கள் கைதட்டுகிறார்கள். எனக்குப் பழக்க தோஷம். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எங்க?"

அண்ணி பக்கத்தில் நிற்கிறாரா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "குளத்து வளைவு."

கோப்பைக்காகக் காத்திருக்கும் மனிதரின் முகமா அது? மழை வருடத்தில் குந்தி உட்கார்ந்தபோது இருந்த அதே முகம். ஜெயிப்பதற்காகத்தான் ஓட்டுகிறார் என்று எத்தனை பேரிடம் எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன்! அவரோ வெற்றி, தோல்வி இரண்டையும் பொருட்படுத்தாமல், தன் காலோடு மட்டுமே போட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனை காலம் அவர் காருக்கு அடியிலேயே கிடந்தும் எனக்கு அது தெரியவில்லை. அண்ணியும் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டார் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

அண்ணன் வாக்கைக் காப்பாற்றினார். மறுநாளே காருக்குக் கன்வாஸ் போட்டு மூடினார். நான் என் கருவிகளை பிரவினிடம் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். அடுத்த ரேலி அவர் இல்லாமலே நடந்தது. அன்று முழுக்க அவர் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு கட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு. அண்ணன் கை கழுவ எழுந்து போனதும் அண்ணி தாழ்ந்த குரலில் பேசினார்.

"பூசையில முட்டி போடுற பலகைய மிதிக்கிறாரு தம்பி. வலது காலு. சாமியாரு பிரசங்கம் வைக்கிறாரு, இவரு தோட்டம் முழுக்க ஓட்டிக்கிட்டு இருக்காரு. ஒரு எடத்துல மட்டும் காலு மேல வருது. எல்லா வாரமும் அதே எடம். எனக்கே இப்ப அந்த வளைவு பாடமாயிடுச்சி."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

"ஜெயிச்சதப் பத்தி இந்த மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல தம்பி. கப்பு எங்க இருக்குன்னுகூட தெரியாது அவருக்கு. ஒண்ணும் கேக்கவும் மாட்டாரு, வாக்கு குடுத்துட்டாருல்ல. அதான் எனக்குத் தாங்கல. எனக்குக் குடுத்த வாக்க நானே திருப்பிக் குடுத்துடுறேன். பிரவின்கிட்ட சொல்லி வண்டிய எடுக்கச் சொல்லு."

"ஒங்களுக்குப் பயமில்லையா அண்ணி?"

"பயம் இல்லாம என்ன? அவரு இந்த வயசுலயும் பயத்தோட மல்லுக்கட்டுறாரு. நானும் கட்டுறேன்."

அந்த வீட்டில் நான் இரண்டு பேரைப் பார்த்து வாய் பிளந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை ஒருவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை ரேலி. நான் இப்போது வேலையாள் இல்லை என்பதால் நாடாவுக்கு வெளியே, பார்வையாளர்களோடு நின்றேன். தூரத்தில் சத்தம் இறங்கி, பாம் என்று கேட்டு, மறுபடி ஏறியது. என் பக்கத்தில் நின்றவர், "யாருக்கு ஹாரன் அடிக்கிறான்?" என்று சிரித்தார். நான் தொப்பியைக் கழற்றினேன்.

அண்ணனுக்கு இந்த முறை ஆறாவது இடம். கார் திடலுக்குள் வந்தது. பிரவின் கணினியோடு ஓடினார். அண்ணன் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி பம்பர் ஓரமாக வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் நாடாவுக்கு வெளியே நிற்கிறேன், கேட்பது இப்போது என் வேலையில்லை.

நாடாவுக்கு உள்ளே அண்ணி தேத்தண்ணிக் குடுவையோடு அவர் எதிரில் போய் நின்றார்.

"எங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுத்து அவரைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதேயில்லை.

"குளத்து வளைவுல எடுக்கல," என்றார். கொஞ்சம் தயங்கினார். "பாலத்துக்குக் கிட்ட எடுத்துட்டேன்."

அண்ணி மூடியில் தேத்தண்ணியை ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"சரி, குடிங்க. அடுத்த வருசம் பாலத்தப் பாக்கலாம்."